எச்சமாக நின்றவர்கள்

1977 ஜூலை 21-ந் தேதி இலங்கையில் நடந்தது ஒரு பொதுத் தேர்தல். ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் விடுதலைக் கூட்டணி அதைத் தேர்தலாக மட்டும் நடத்தவில்லை. தனி நாடு வேண்டுமா என்ற கேள்விக்கு மக்கள் தரும் பதிலாகவே அதைக் கொள்ளப்போவதாக விஞ்ஞாபனத்தில் அறிவித்துவிட்டு வாக்குக் கேட்டது. 18 இடங்கள் கிடைத்தன. வடக்கின் 14 இடங்களும் அதற்கே. அன்றிலிருந்து, ஆணை கிடைத்துவிட்டது என்பாரும், தேர்தல் எப்படி வாக்கெடுப்பாகும் என்பாரும் வாதாடி வருகிறார்கள். நானும் இந்த வாதத்தை வெகுநாள் யாழ்ப்பாணத்து நூல்கள் வழியாகவே படித்துக்கொண்டிருந்தேன். நீலகிரியில் உட்கார்ந்து படிக்கும்போது அதன் நடுவே ஒரு பள்ளம் தெரிகிறது.

கோத்தகிரி, குன்னூர், பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம் பக்கங்களில் 'சிலோன்காரர்' என்றால் யாரென்று கேட்க வேண்டியதில்லை. அரசாங்கத்தின் சொல் 'தாயகம் திரும்பியோர்'. இலங்கையில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, கோச்சியிலும் கப்பலிலுமாக மண்டபம் முகாமுக்கு வந்து இறங்கிய ஒருவர் எந்த அர்த்தத்தில் 'திரும்பினார்' என்பதை அந்தச் சொல்லை உண்டாக்கியவர்கள்தான் சொல்ல வேண்டும். இவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968-ல் இந்த மலைகளில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. டான்டீ என்ற பெயரில் கழகமானது பின்னால். (கூடலூர்ப் பக்கத்துக் காட்டில் தேயிலை ஏறியபோது பணியரையும் காட்டுநாயக்கரையும் யாரும் வாக்குக் கேட்கவில்லை என்பது இன்னொரு கட்டுரைக்குரிய விஷயம்.)

1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கணக்கு இப்படி: நாடற்றோர் 9,75,000 பேர், இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிஞ்சிய 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தனித்தனியாக விண்ணப்பிக்கும் உரிமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கணக்கு முதலில் போடப்பட்டது. விண்ணப்பப் படிவம் பிறகுதான் வந்தது. ஒரு மக்கள் கூட்டத்தின் நாடு எது என்ற கேள்வி இதைவிட நேராக எழுந்ததில்லை. அதற்கு ஒரு வாக்கெடுப்பு வேண்டும் என்று டில்லிக்கும் தோன்றவில்லை, கொழும்புக்கும் தோன்றவில்லை.

இவர்களுக்கு வாக்கு இல்லாமலே இருந்ததா என்றால், இல்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது, 1949-ல் தேர்தல் சட்டத் திருத்தம். 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றும் மிஞ்சவில்லை. இதை எதிர்த்துத்தான் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்தார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. இன்று மலையகத்தாருக்கு நாளை நமக்கு என்று அவர் கண்டு சொன்னது தீர்க்கதரிசனம்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் தனிநாட்டுக்கு ஆணை கேட்ட அரசியலின் தோற்றுவாய் மலையகத்தார் இழந்த வாக்கு. ஆணை கேட்ட நாளில் அந்த வாக்கு இல்லாதவர்கள் அப்போதும் இல்லாதவர்களாகவே இருந்தார்கள்.

ஐவர் ஜென்னிங்ஸ் 1956-ல் எழுதிய ஒரு கருத்தை அரசியல் நூல்காரர்கள் ஓயாமல் எடுத்தாள்கிறார்கள். மக்கள் தீர்மானிக்கட்டும் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் மக்கள் யார் என்று வேறொருவர் முதலில் தீர்மானிக்காமல் மக்களால் எதையும் தீர்மானிக்க முடியாது என்பது அதன் சாரம். எடுத்தாள்கிறவர்கள் ஒரு தகவலை விட்டுவிடுகிறார்கள். இந்த ஜென்னிங்ஸ் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர், டி. எஸ். சேனநாயக்காவுக்கு அரசியலமைப்பு ஆலோசகராக இருந்தவர். மக்கள் யார் என்று தீர்மானிக்கப்படுவதை அவர் பக்கத்திலிருந்தே பார்த்தார். 

இனி வட்டுக்கோட்டைக்கு வரலாம். 1972 குடியரசு யாப்பை எதிர்த்துச் செல்வநாயகம் காங்கேசன்துறைப் பதவியைத் துறந்தார். இரண்டு வருஷத்துக்கும் மேல் இழுத்தடித்து, 1975 பிப்ரவரி 6-ல் இடைத்தேர்தல் வைத்தார்கள். எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் வி. பொன்னம்பலம். 16,000-க்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்ற செல்வநாயகம் அதைத் தனிநாட்டுக்கான தீர்ப்பு என்றார். ஒரு தொகுதியின் தீர்ப்பு. அடுத்த வருஷம் மே 14-ல் வட்டுக்கோட்டைத் தொகுதியில் கூடிய கூட்டணி மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது. கூட்டணிக்கு அப்போது மூன்று தலைவர்கள்: செல்வநாயகம், ஜி. ஜி. பொன்னம்பலம், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தொண்டமான்.

தீர்மானத்தின் வாசகத்தை நிதானமாகப் படித்தவர்கள் குறைவு. தோட்டத் தொழிலாளரின் சங்கம் என்ற முறையில், அவர்களில் பெரும்பாலோர் வடகிழக்குக்கு வெளியே வாழ்வதால், தனிநாடு பற்றித் தொழிலாளர் காங்கிரஸ் தெரிவித்த தயக்கத்தைக் குறித்துக்கொண்டு, மாநாடு தனிநாட்டை அறிவிக்கிறது. நம் இலக்கணத்தில் 'குறித்துக்கொண்டு' ஒரு வினையெச்சம். முற்று வேறிடத்தில் இருக்கிறது. பல லட்சம் பேரின் நிலைமை அந்த எச்சத்துக்குள் அடங்கிவிட்டது.

தொண்டமானை இதற்காகத் துரோகி என்பது எழுதப்படாத மரபாகிவிட்டது. எனக்கு அது ஒப்பவில்லை. நுவரெலியாவில் இருக்கிற தோட்டத்தை யாரும் பெயர்த்து வவுனியாவில் வைக்க முடியாது. வடக்கு பிரிந்தால் பின்னால் நிற்கப் போகிறவர்கள் யார் என்று அவர் கேட்டது கோழைத்தனமல்ல, பூகோளம். அதே தேர்தலில் அவர் நுவரெலியா–மஸ்கெலியாவின் மூன்றாவது உறுப்பினராக வந்தார், 1978-ல் அமைச்சருமானார். பதவியில் அவர் செய்த சமரசங்களைத் தனியே விமர்சிக்கலாம். அந்தத் தயக்கத்தைப் பதவி ஆசை என்று சுருக்குவது வரலாற்றைப் படிக்கச் சோம்புவது.

1977-ன் கோடையை எண்ணிப் பாருங்கள். ஒரே லயத்தில் பிறந்த மூன்று சகோதரர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கோத்தகிரியில், வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியிருந்தால் ஜூனில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு வாக்களித்திருப்பார். ஒருவர் இலங்கைக் குடியுரிமை பெற்று ஜூலையில் தொண்டமானுக்குப் போட்டிருப்பார். மூன்றாமவர் இந்தியக் கடவுச்சீட்டுக்கோ இலங்கைப் பதிவுக்கோ காத்துக்கொண்டு எங்கும் வாக்கில்லாமல் கிடந்திருப்பார். தமிழ் ஈழம் வேண்டுமா என்ற கேள்வி மூவரிடமும் வரவில்லை. ஆனால் ஆகஸ்டில் கலவரம் வந்தபோது அது மலையகத்துக்கும் வந்தது. அடித்தவர்கள் வாக்காளர் பட்டியலைப் பார்க்கவில்லை. தப்பியவர்களில் பலர் வவுனியாவுக்குப் போய்க் குடியேறினார்கள். கேள்வி கேட்கப்படாதவர்கள் தங்கள் கால்களால் ஒரு பதிலைச் சொன்னார்கள் என்று தோன்றுகிறது.

கேட்கப்பட்ட இடத்திலும் பதில் ஒரே மாதிரி இல்லை. கிழக்கில் கூட்டணிக்கு நான்கே இடங்கள். கல்குடாவில் ஐக்கிய தேசியக் கட்சியின் தேவநாயகம் வென்று அமைச்சரானார். மட்டக்களப்பில் கூட்டணியில் வென்ற ராஜதுரை 1979-ல் அந்தப் பக்கம் போனார். தமிழ் பேசும் முஸ்லிம்களின் அபிப்பிராயம் வேறாக இருந்தது. 1918-ல் அயர்லாந்தில் சின் ஃபெயினும் பொதுத் தேர்தலைத்தான் சுதந்திரத்துக்கான ஆணையாக்கிற்று. 105-ல் 73 இடங்கள். இருந்தும் வடகிழக்கு மூலை ஒட்டவில்லை. நியூ கலிடோனியாவில் வாக்காளர் யார் என்பதையே ஒப்பந்தமாக எழுதி வைத்து மூன்று முறை வாக்கெடுத்தார்கள். 2021-ல் நடந்த மூன்றாவதைக் கனக் மக்கள் புறக்கணித்தார்கள்.

இலங்கையில் 1983 ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் அந்தக் கேள்வியைக் கேட்பதையே குற்றமாக்கியது. 1987 ஒப்பந்தம் கிழக்கு மாகாணத்துக்கு ஒரு வாக்கெடுப்பை வாக்களித்தது. வடகிழக்கு இணைப்பை நீதிமன்றம் 2006-ல் ரத்துச் செய்யும் வரை அது தள்ளிப்போடப்பட்டுக்கொண்டே இருந்தது. யுத்தம் முடிகிற தறுவாயில், 2009 மே மாதம் நார்வேயில் தொடங்கி பிரான்ஸ், கனடா, சுவிட்சர்லாந்து, பிரிட்டன் என்று புலம்பெயர்ந்தோர் தாங்களே வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் மீது வாக்கெடுப்பு நடத்தினார்கள். கனடாவில் 99 விழுக்காட்டுக்கும் மேல் ஆம். மண்ணில் இல்லாதவர்கள் எப்படித் தீர்மானிக்கலாம் என்று சிலர் கேட்டார்கள். மண்ணில் இருப்பவர்கள் வாய் திறக்க முடியாதபோது வேறு யார் சொல்வது என்று பதில் வந்தது. இரண்டிலும் நியாயம் உண்டு. வாக்கெடுத்த நாடுகளில் இந்தியா இல்லை.

வட்டுக்கோட்டைத் தீர்மானம் இரண்டு வகையினருக்குக் குடியுரிமை தர வாக்களிக்கிறது: இலங்கையின் எப்பகுதியிலும் வாழும் தமிழ் பேசுவோர், உலகில் எங்கும் வாழும் ஈழத்துப் பூர்வீகத் தமிழர். கோத்தகிரி லயத்தில் இருப்பவர் இலங்கையில் வாழவில்லை. ஈழத்துப் பூர்வீகம் என்று அவரை யாரும் சொன்னதில்லை. 2022-ல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்கத் தமிழக அரசு முடிவு செய்தபோது, இந்தக் குடியிருப்புகளில் மறுபடியும் பேச்சு எழுந்தது, நாம் எங்கே போவது என்று.