சிறுநீரக நோயாளிகளுக்கான பழச்சாறுகள்

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர் பழச்சாறு குடிக்கலாமா என்பதைப் பழத்தின் பெயர் மட்டும் முடிவு செய்வதில்லை. அதிலுள்ள பொட்டாசியம், குடிக்கும் அளவு, நோயின் நிலை ஆகியவை சேர்ந்தே முடிவு செய்கின்றன.

உத்திரமேரூர் வட்டாரத்தில் கத்திரி வெயில் வந்தால் சாலையோரமெங்கும் இளநீரும் தர்பூசணியும் கரும்புச்சாறும்தான். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களும் இளநீரோ சாத்துக்குடியோ வாங்கிப் போவார்கள். “கிட்னிக்கு நல்லது” என்று வாழைத்தண்டுச் சாறும் கொடுப்பார்கள். இங்கேதான் ஆபத்தான குழப்பம் நேர்கிறது. சிறுநீரகக் கல் உள்ளவரை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். எலுமிச்சைச் சாறும் நல்லது என்பார்கள். சிறுநீரகம் செயலிழந்து வருபவருக்கு அந்த அறிவுரை அப்படியே பொருந்தாது. உறுப்பு ஒன்று, நோய் வேறு.

பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை முழுதாக வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 6-ஐத் தாண்டினால், முன்னறிகுறி ஏதுமின்றியே இதயத் துடிப்பு தடுமாறலாம். 100 மி.லி. இளநீரில் சுமார் 250 மி.கி. பொட்டாசியம் உண்டு. ஒரு காயில் 300 மி.லி. என்றால் 750 மி.கி. உள்ளே போய்விடும். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவருக்கு நாள் முழுவதற்கும் பெரும்பாலும் 2,000 மி.கி. அளவுதான் அனுமதி. ஆரஞ்சு, மாதுளைச் சாறுகளில் 100 மி.லி.க்கு 200 மி.கி. அளவில் இருக்கிறது, கொய்யாவில் இன்னும் அதிகம். பிழிந்து வடிகட்டினால் நார்தான் போகும், பொட்டாசியம் சாற்றிலேயே தங்கிவிடும். ஒரு டம்ளருக்கு மூன்று நான்கு பழம் வேண்டியிருப்பதும் கணக்கில் சேரும்.

ஆப்பிள், திராட்சைச் சாறுகளில் 100 மி.லி.க்கு 100 மி.கி.தான், அரை டம்ளர் போதும். ஒரு மூடி எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் 30 மி.கி.கூட இராது. உப்புப் போடாமல் குடிக்க வேண்டும். பொட்டாசியம் குளோரைடு கலந்த ‘லோ சோடியம்’ உப்பு அறவே கூடாது. தர்பூசணியில் பொட்டாசியம் குறைவுதான், ஆனால் அரைக் கிலோ சாப்பிட்டால் 500 மி.கி.யைத் தாண்டும், நீரும் ஏறும். டயாலிசிஸ் செய்பவர் பலருக்கு, முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மி.லி. சேர்த்ததே அன்றைய மொத்த நீர்க்கணக்கு. சாறும் மோரும் காபியும் அதற்குள்தான். நீரிழிவும் இருந்தால் சாற்றைவிடப் பழத்துண்டே மேல்.

நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. அதிலுள்ள காரம்பாக்சின் என்ற நச்சு சிறுநீரக நோயாளியை விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, மரணம் வரை கொண்டுபோகும். அதன் இனமான பிலிம்பியும் ஆபத்தானதே. கொழுப்புக் குறைய அதன் சாற்றைக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பழுதானதைக் கேரள மருத்துவர்கள் 2013-இல் பதிவு செய்தனர். காரணம் அதிலுள்ள ஆக்சலேட்.

நோயின் தொடக்க நிலையில் பொட்டாசியம் சரியாக இருப்பவர் எல்லாப் பழங்களையும் ஒதுக்கத் தேவையில்லை. அண்மைய இரத்தப் பரிசோதனையைக் காட்டி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் இளநீருக்குப் பதில் இரண்டு ஆப்பிள் வாங்கிப் போங்கள்.