ஜெய்ப்பூர் கால் - யார் செய்த கால்?

ஜெய்ப்பூரில் குப்பை கொட்ட ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஹவா மஹால், ஆமேர் கோட்டை, பஜாரில் ஒரு ரஜாய் என்று ஒரு ரவுண்டு அடித்து ரயிலேற்றிவிடுவது வழக்கம். போன வருஷம் மன்னார்குடியிலிருந்து பெரியப்பா வந்தது சுற்றிப் பார்க்க இல்லை. சர்க்கரையால் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள். ஸ்டேஷனிலேயே அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, இந்தக் காலைப் போட்டுக்கிட்டு சம்மணம் போட்டு உக்கார முடியுமா?"

ஜெய்ப்பூர் காலின் சரித்திரமே இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

அறுபதுகளில் நம் நாட்டில் கிடைத்த செயற்கைப் பாதம் 'சாக்' என்கிற வகை. 1950களில் அமெரிக்காவில் உருவானது. உள்ளே மரக்கட்டை, குதிகாலில் மெத்தென்று ரப்பர், மேலே ஷூ. நாற்காலியில் உட்கார்ந்து ஷூவோடு நடமாடுகிறவருக்கு அருமையான சாதனம். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, சேற்றில் இறங்கி, கோவில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவருக்கு? ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில் எலும்பு மருத்துவராக இருந்த டாக்டர் பிரமோத் கரண் சேத்தி கவனித்தது இதைத்தான். கால் வாங்கிப் போனவர்கள் அதை மூலையில் போட்டுவிட்டுப் பழையபடி ஊன்றுகோலோடு திரிந்தார்கள்.

அதே ஆஸ்பத்திரியில் தொழுநோயாளிகளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுக்க வந்தவர் ராமசந்திர சர்மா. ஊருக்கே மாஸ்டர்ஜி. பள்ளிப்படிப்பு அதிகம் கிடையாது. ஆனால் கையில் வித்தை இருந்தது. டாக்டர் மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தார். மாஸ்டர்ஜியோ ஒரு பாதம் எப்படி இருக்கிறது, எங்கே வளைகிறது என்று பார்த்தார். மரம், ஸ்பாஞ்சு என்று என்னென்னவோ முயன்றும் சரிவரவில்லை. ஒரு நாள் சைக்கிள் டயர் பஞ்சராகி கடையில் நின்றபோது, லாரி டயருக்கு ரப்பர் ஒட்டுவதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று சொல்வார்கள். இப்படிப்பட்ட கதைகள் கொஞ்சம் மெருகேறித்தான் நம்மிடம் வரும், இருந்தாலும் விஷயம் உண்மை. அலுமினிய அச்சு, உள்ளே ஸ்பாஞ்சு ரப்பரும் கணுக்காலுக்கு மரக்கட்டையும், சுற்றிலும் டயர் நூலும் ரப்பரும் வைத்து வேகவைத்து எடுத்தார்கள். 1968-69 வாக்கில் கால் தயாரானது. எல்லாப் பக்கமும் வளைந்தது. தண்ணீர் பட்டால் கெடவில்லை. நம் தோல் நிறம், ஐந்து விரல், ஷூ தேவையே இல்லை.

நாட்டியம் தெரிந்தவர்களுக்கு மிச்சக் கதை தெரியும். சுதா சந்திரன் 1981ல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்துக்குப் பிறகு வலது காலை இழந்தார். ஜெய்ப்பூர் காலோடு 1984ல் மறுபடி மேடையேறினார். அரைமண்டியில் உட்கார்ந்து தட்டிக் கும்பிடுகிற கலைக்கு அந்தப் பழைய மரக்கட்டைப் பாதம் எப்படி ஈடுகொடுத்திருக்கும்!

எனக்கு உறுத்துவது வேறு. டாக்டர் சேத்திக்கு 1981ல் மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் கிடைத்தன. தகுதியானவர்தான், சந்தேகமே இல்லை. இந்தக் காலுக்குக் காப்புரிமைகூட வாங்கி வைக்கவில்லை. 1978ல் ஒரு சர்வதேச ஆய்விதழில் இதைப் பற்றி வந்த கட்டுரையில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் சேத்தி. கடைசிப் பெயர் ஆர். சந்திரா. ஒரு கைவினைஞரின் பெயரை மருத்துவ ஆய்விதழில் டாக்டர்களோடு சேர்த்துப் போட அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு மனசு வந்திருக்கும்? ஆனாலும் விருது மேடைக்கு அந்தக் கடைசிப் பெயர் போகவில்லை. தச்சர் செய்த தேரில் ஊர்ப்பெரியவர் வடம் பிடிக்கிற கதைதான். இதில் டாக்டரைக் குறை சொல்வதா, வித்தையைப் படிப்புக்குக் கீழே வைக்கிற நம் பழக்கத்தையா? இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது.

1975ல் டி. ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதியில்தான் பெரியப்பாவுக்குக் கால் கிடைத்தது. ஒரு பைசா வாங்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி இரண்டு நடை நடந்தார். வீட்டுக்கு வந்ததும் மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, காலை மடக்கிப் பார்த்துவிட்டு, ரப்பர் விரல்களைத் தடவினார்.

"நெசக் காலு மாதிரியே இருக்கேடா. யார் செஞ்சது?"

இரண்டு பெயரையும் சொன்னேன். மாஸ்டர்ஜி பெயரை முதலில்.