ஷண்ட்டில் எடுத்த சில மில்லி நீர்

மூளையின் உள்ளறைகளில் தினமும் சுமார் 500 மில்லி நீர் சுரக்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றிவந்து அது இரத்தத்தில் கலக்க வேண்டும். வழி அடைபட்டால் நீர் தேங்கி மூளையை நெருக்கும். அப்போது ஷண்ட் பொருத்துகிறார்கள்: மூளையறைக்குள் ஒரு சிலிக்கோன் குழாய், அதை அடுத்து ஒரு வால்வு, தோலுக்கு அடியிலேயே வயிறுவரை இறங்கும் இன்னொரு குழாய்.

இந்தக் குழாயில் கேண்டிடா பூஞ்சை படலம் கட்டி ஒட்டிக்கொள்வதுண்டு. குறைமாதக் குழந்தைகளுக்கும், ஆன்டிபயாடிக் நிறைய எடுத்தவர்களுக்கும், வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். தலைவலி, வாந்தி, அரைத்தூக்கம் எல்லாம் வெறும் ஷண்ட் அடைப்பு போலவே தெரியும். காய்ச்சல் வராமலும் இருக்கலாம்.

அதனால் மருத்துவர் தலைத்தோலைச் சுத்தம் செய்து, ஷண்ட்டின் நீர்த்தேக்கக் குமிழில் மெல்லிய ஊசியைச் செருகுகிறார். நீர் சொட்டுச் சொட்டாகக் குப்பியில் இறங்குகிறது. முதுகில் எடுக்கும் நீரில் அகப்படாத கிருமி இதில் அகப்படலாம்.

ஆய்வகத்தில் முதல் விடை பெரும்பாலும் மழுப்பலாகவே இருக்கும். வெள்ளணுக்கள் கொஞ்சம்தான், கிராம் சாயத்தில் எதுவும் தெரியாமலும் போகலாம். நீரைச் சுழலவிட்டு, அடியில் படிந்ததைப் பூஞ்சை வளர்க்கும் சபூரோ தட்டில் தடவி வைக்கிறார்கள். வளர நாள்கள் ஆகும். பிறகு பாலாடை நிறத்தில் சிறு திட்டுகள் எழும்பும். ஒரு திட்டைத் தொட்டெடுத்துச் சீரத்தில் கலந்து, 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், உருண்டையான செல்லிலிருந்து ஒரு குழல் நீண்டிருக்கும். பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸின் அடையாளம் அது.

கல்ச்சரில் ஒன்றும் வளராவிட்டால் பூஞ்சையின் செல்சுவர்ப் பொருளைத் தேடும் பீட்டா-டி-குளுக்கான் சோதனை கைகொடுக்கும். 2012இல் அமெரிக்காவில் மாசுபட்ட ஸ்டீராய்டு ஊசியால் பூஞ்சை மூளைக்காய்ச்சல் பரவியபோது அது பயன்பட்டது. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையை அது தவறவிடக்கூடும். அதற்குத் தனி ஆன்டிஜன் சோதனை தேவை.

ஷண்ட் உள்ளவரின் நீரில் கேண்டிடா ஒரே ஒருமுறை வளர்ந்தாலும், தோலிலிருந்து ஒட்டி வந்தது என்று ஒதுக்கிவிடக் கூடாது. மறுபடி நீரெடுத்துப் பார்க்க வேண்டும். தொற்று உறுதியானால் ஷண்ட்டைக் கழற்றி, நீரை வெளியே வடியவிட்டு, ஆம்போடெரிசின் பி என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். குழாயை உள்ளே விட்டுவிட்டு மருந்தை மட்டும் நம்பினால், படலத்துக்குள் பூஞ்சை பிழைத்துக்கொள்ளும்.