இணைப்பில்லாக் கணினியும் படி பேணும் மரபும்

வழிவழியாகப் பெயர்த்தெழுதப்பட்டமையாலேயே பழந்தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்தன. படி எடுத்தல், படியை ஒப்பிடுதல், பழுதுற்ற ஏட்டைப் புதுக்குதல் என்னும் மூன்று தொழில்கள் அம்மரபில் அடங்கும். இணையத் தொடர்பில்லாத இடத்தில் லினக்சு இயக்குதளத்தை நிறுவிப் பேணியதன் வரலாறும் இம்மூன்றாகவே அமைந்துள்ளது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது படி எடுத்தல். லினஸ் டோர்வால்ட்சு 1991-இல் வெளியிட்ட கருவைக்கொண்டு, 1993-இல் சிலாக்குவேர், டெபியன் ஆகிய தொகுப்புகள் தோன்றின. சிலாக்குவேர் தொடக்கத்தில் நெகிழ்வட்டு வரிசைகளாகப் பரவியது. பின்னர்க் குறுந்தகடு அவ்விடத்தைப் பெற்றது. 1990-களின் பிற்பகுதியில் இந்தியாவில் பி.சி. குவெஸ்ட் இதழ் லினக்சுத் தகடுகளைத் தன்னுடன் இணைத்து வழங்கிற்று. உபுண்டுத் தகடுகள் 2005 முதல் 2011 வரை வேண்டியோர்க்கு விலையின்றி அஞ்சலில் வந்தன. டெபியன்வழிப்பட்ட பாஸ் லினக்சைச் சீ-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டரசு 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக்காலக் கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பெற்றிருந்தது. ஆதலின் மாணவர்க்கு எஞ்சியது பேணுதலே.

இரண்டாவது ஒப்பிடுதல். ஒவ்வொரு படிக்கும் அதன் உள்ளடக்கத்தினின்று சரிபார்ப்பெண் ஒன்று கணக்கிடப்படும். ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் வேறாகும். படியும் எண்ணும் ஒரே கைவழி வரின், இரண்டையும் ஒருவரே மாற்றியிருத்தல் கூடும். ஆகவே வெளியிட்டோரின் மின்கையொப்பமும் வேண்டப்படுகிறது. ஏட்டுப் பதிப்பில் பாடவேறுபாடு ஆய்வுக்கு உதவும். இங்கோ வேறுபட்ட படி தள்ளத்தக்கதே. இஃது இரு மரபுகளுக்கும் உள்ள வேற்றுமை.

மூன்றாவதாகிய புதுக்குதலே அரிது. ஒரு மென்பொருள் பிற பலவற்றைச் சார்ந்து நிற்பதால், வேண்டிய ஒன்றை மட்டும் கொணர்தல் பயன்படாது. இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க, டெபியன் உருவாக்குநராகிய இரித்தேசு ராசு சராப் ‘ஆப்ட்-ஆஃப்லைன்’ என்னும் கருவியை ஆக்கினார். சேர்வராயன் மலையின் வெள்ளக்கடையில் இணைப்பற்ற கணினி ஒன்று உளது எனக் கொள்வோம். அது தனக்கு வேண்டுவனவற்றைப் பட்டியலாக எழுதித் தரும். அப்பட்டியலைப் பென் டிரைவில் சேலத்திற்குக் கொண்டுசென்று, இணைப்புள்ள கணினியில் அவற்றை இறக்கி, மீண்டும் மலையேறி வந்து நிறுவலாம். சார்புடைய பொதிகள் அனைத்தும் உடன் வரும்.

பழங்கணினிகளுக்கு எடை குறைந்த அமைப்புகளும் உண்டு. 2003-இல் தோன்றிய பப்பி லினக்சு முழுவதும் நினைவகத்தில் ஏறி இயங்க வல்லது. எனினும் சிறுமை ஒன்றே ஒரு கணினியைக் காவாது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, பழைய 32 பிட் கணினிகளுக்கு நிறுவியை வழங்கவில்லை. அத்தகைய கணினிகளை வைத்திருப்போர் முந்தைய பதிப்பின் படிகளைத் தாமே காத்தல் வேண்டும்.

இவற்றால், நிறுவுதல் ஒருநாள் தொழில் என்பதும் பேணுதல் தொடர்தொழில் என்பதும் விளங்கும். மலையூர்ப் பள்ளி ஒவ்வொன்றும் சரிபார்த்த படித்தொகுதி ஒன்றையும், அதனைப் புதுக்கிய நாட்குறிப்பையும், அத்தொழில் அறிந்த இருவரையேனும் கொண்டிருத்தல் நலம். படி எடுப்போர் அற்ற ஊரில் ஏடு செல்லரித்தது போலவே, பேணுவோர் அற்ற ஊரில் கணினியும் பயனற்றுப் போகும்.