பிரேக் இன்ஸ்பெக்டரும் திருமலைப் பாதையும்

சித்தூர், திருப்பதிப் பக்கங்களில் லாரி டிரைவர் ஒருவரிடம் மோட்டார் வாகன ஆய்வாளர் என்று சொன்னால் சிறிது யோசிப்பார். பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால் உடனே விளங்கிக்கொள்வார். தமிழரும் தெலுங்கரும் ஒருங்கே வழங்கும் பெயர் இது. சர்க்கார் பத்திரங்களை மொழிபெயர்த்துக் காலங்கழிக்கும் என்போன்றோர் இப்படி ஒரு பெயரைச் சூட்டத் துணியமாட்டோம். மக்கள் துணிந்தார்கள், அந்த உத்தியோகத்தின் தலையாய வேலை எதுவென்று சரியாகவே கண்டுகொண்டார்கள்.

வாடகைக்கு ஆட்களையும் சரக்கையும் ஏற்றும் வண்டிகள் தகுதிச் சான்று பெற்றே ஓடவேண்டும் என்று 1939 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விதித்தது. சித்தூர் ஜில்லா அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. ஐந்தாண்டு கழித்து, 1944 இல், திருமலைக்கு மோட்டார் பாதை திறக்கப்பட்டது. அதுவரை படியேறியும் டோலியிலும் சென்ற யாத்ரிகர்கள் பஸ்ஸில் ஏறலாயினர். 1974 இல் இரண்டாம் பாதை அமையும்வரை, ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் அவ்வொரே பாதையில், வளைவுக்கு வளைவு ஒன்றுக்கொன்று வழிவிட்டுச் சென்றன. 1953 இல் ஜில்லா ஆந்திர ராஜ்யத்தில் சேர்ந்தது. சட்டம் இந்தியா முழுமைக்கும் உரியதாகையால் பரிசோதனை மாறவில்லை.

பரிசோதனை எப்படி நடக்கிறது? ஸ்டீரிங், டயர், விளக்கு, ஹாரன் முதலியவற்றைப் பார்ப்பது எளிது. பிரேக்குக்கு மட்டும் வண்டியை ஓட்டியே தீரவேண்டும். 1989 ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 13 மீட்டருக்குள் நிற்கவேண்டும். விதி நல்லதுதான். ஆனால் அது சமதரைக்கு உரிய சோதனை. மலையிலிருந்து இறங்கும் வண்டியில் டிரைவர் பிரேக்கை ஓயாது மிதித்துக்கொண்டே வந்தால், டிரம் சூடேறி, லைனிங்கின் பிடிப்புத் தளர்ந்துவிடும். காலையில் 13 மீட்டரில் நின்ற வண்டி மாலையில் அடிவாரத்துக்கு அருகே நில்லாமற் போகலாம். ஆகவேதான் கீழ் கியரில் இறங்கவேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துகிறார்கள். இறங்கும் வண்டி குறைந்தது 40 நிமிஷம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தேவஸ்தானம் விதித்ததும் இதையொட்டியே.

புகையின் கதை பிந்தியது. யுத்த காலத்தில் பெட்ரோல் பஞ்சத்தால் நம் பக்கத்துப் பஸ்கள் கரிவாயுவில் ஓடினவே, அவற்றின் புகையை யார் அளந்தார்கள்? நாடெங்கும் செல்லும் எண்ணளவான வரம்பு 1989 ஆம் ஆண்டு விதிகளோடுதான் வந்தது. பெட்ரோல் வண்டியை நிறுத்தியபடி எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, புகைக்குழாயில் ஒரு கம்பிக்குழலைச் செருகிக் கார்பன் மோனாக்ஸைடின் சதவீதத்தை அளக்கிறார்கள். டீசல் வண்டியில், எஞ்சின் சூடேறியபின் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென முழுதும் அழுத்தி, வெளிவரும் கரும்புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று கருவி சொல்லக் கேட்கிறார்கள். இச்சான்று ஆறு மாதம் செல்லும். பாரத் நான்காம் நிலை வண்டிகளுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் ஓராண்டு.

2021 ஆம் ஆண்டு விதிகள், கருவிகளே பெரும்பாலும் தீர்ப்புச் சொல்லும் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு வழி திறந்தன. மறு ஆண்டில் திருமலைக்கு மின்சார பஸ்கள் ஏறலாயின. அவற்றுக்குப் புகைச் சான்று வேண்டியதில்லை. இறங்கும்போது அவற்றின் மோட்டாரே வேகத்தைத் தடுத்து, மின்சாரத்தை பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பிரேக் லைனிங்குக்கு அந்த அளவு வேலை குறைகிறது.