சிகிச்சைசார் மேற்பார்வை

உளச்சிகிச்சையாளர், உளவள ஆலோசகர், சமூகப் பணியாளர் ஆகியோர் உதவி நாடி வருவோரோடு தாம் நடத்திய அமர்வுகளைத் தம்மினும் அனுபவம் மிக்க ஒருவரிடம் குறித்த கால இடைவெளியில் எடுத்துரைத்து, செய்ததையும் செய்யத் தவறியதையும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்து தொழில்திறனை வளர்த்துக்கொள்ளும் முறை சிகிச்சைசார் மேற்பார்வை எனப்படும். வருகைப் பதிவையும் வேலைப் பங்கீட்டையும் கவனிக்கும் நிர்வாக மேற்பார்வையினின்று இது வேறானது என்று பாடநூல்கள் வரையறுத்தாலும், நடைமுறையில் இரண்டும் ஒருவர் கையிலேயே சேர்ந்துவிடுவது மிகுதி. இத்துறையின் தீராத சிக்கல்கள் பலவும் அந்தச் சேர்க்கையிலிருந்தே கிளைக்கின்றன. உதவி நாடி வருபவரைக் குறிக்க இலங்கைத் தமிழ் உளவளத்துணை வழக்கிலுள்ள ‘துணைநாடி’ என்னும் சொல் இங்கு ஆளப்படுகிறது.

தோற்றம்

இம்முறைக்கு இரண்டு பிறப்பிடங்கள் உண்டு. முதலாவது, 19ஆம் நூற்றாண்டின் அறக்கொடைச் சங்கங்கள். லண்டனில் 1869இலும் அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1877இலும் தோன்றிய இச்சங்கங்களின் சார்பில் தன்னார்வலர்கள் ஏழைக் குடும்பங்களை நேரில் சென்று கண்டனர். ஊதியம் பெற்ற முகவர்கள் அவர்களுக்குக் குடும்பங்களைப் பிரித்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் அறிக்கை கேட்டனர். தன்னார்வலர்கள் அடிக்கடி விலகிச் சென்றதால், புதிதாக வருவோரைப் பழக்கும் பொறுப்பும் அம்முகவர்கள் மேலேயே விழுந்தது. ஆகவே சமூகப் பணியில் மேற்பார்வை, கற்பித்தலும் கணக்குக் கேட்டலும் கலந்த ஒன்றாகவே பிறந்தது எனலாம்.

இரண்டாவது பிறப்பிடம் உளப்பகுப்பாய்வு. சிக்மண்ட் ஃப்ராய்டு 1908இல் ‘சின்ன ஹான்ஸ்’ என்னும் சிறுவனின் அச்சநோயை, பெரும்பாலும் அவன் தந்தை தந்த குறிப்புகளைக் கேட்டு அவருக்கு வழிகாட்டியே அணுகினார். இதனை முதல் மேற்பார்வை எனக் கூறுவோர் உண்டு. முறையான ஏற்பாடு, மாக்ஸ் ஐட்டிங்கோன் முதலியோர் 1920இல் பெர்லினில் நிறுவிய உளப்பகுப்பாய்வு மருத்துவமனையில் உருவாயிற்று. பயிற்சி பெறுவோர் தாமே பகுப்பாய்வுக்கு உட்படுதல், கோட்பாட்டுப் பாடம், மூத்தவர் கண்காணிப்பில் நோயாளிகளைக் கவனித்தல் என்னும் மூன்றும் அங்குக் கட்டாயமாயின. மூன்றாவதற்கு இட்ட பெயரே ‘கட்டுப்பாட்டுப் பகுப்பாய்வு’ என்பது கவனத்திற்குரியது. புடாபெஸ்ட் நகர உளப்பகுப்பாய்வாளர்கள் இதில் வேறுபட்டனர்: பயிற்சியாளரின் மனத்தை ஏற்கெனவே அறிந்த அவருடைய பகுப்பாய்வாளரே அவருடைய முதல் நோயாளி பற்றியும் கேட்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. நிலைபெற்றது பெர்லின் வழக்கமே. மேற்பார்வையாளர் தம்மிடம் பயில்பவருக்குச் சிகிச்சை அளிக்கலாகாது என்ற இன்றைய விதி அதற்கு இசைவானது. எனினும் பயில்பவரின் சொந்த மனக்காயம் அமர்வுக்குள் புகும்போது எங்கே நிறுத்துவது என்னும் கேள்வியை அந்த விதி தீர்த்துவிடவில்லை.

பணிகளும் எதிரொளிப்பும்

ஆல்ஃபிரட் கடுஷின் 1976இல் வெளியிட்ட நூல், சமூகப் பணி மேற்பார்வையின் பணிகளை நிர்வாகம், கல்வி, ஆதரவு என வகுத்தது. பிரிட்டனில் பிரிஜிட் பிராக்டர் 1980களில் இவற்றை நெறிப்படுத்தல், உருவாக்கல், மீட்டல் என்று பெயரிட்டார். துயரக் கதைகளைக் கேட்டுக் கேட்டுச் சோர்ந்தவரைத் தேற்றுவதே மீட்டல்.

இத்துறைக்கே உரிய கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்கது எதிரொளிப்பு. துணைநாடிக்கும் சிகிச்சையாளருக்கும் இடையே நிகழ்வது, அறியாமலே சிகிச்சையாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையே திரும்ப நிகழ்கிறது என்பதை அமெரிக்க உளமருத்துவர் ஹரால்டு சேர்ல்ஸ் 1955இல் எடுத்துக்காட்டினார். எந்த யோசனை சொன்னாலும் ‘அது சரிவராது’ என்று மறுக்கும் ஒரு தாயைச் சந்தித்துத் திரும்பும் சமூகப் பணியாளர், மேற்பார்வையாளர் சொல்வதையெல்லாம் அதே தொனியில் மறுக்கக்கூடும். அப்போது மேற்பார்வையாளருக்குள் எழும் எரிச்சல், அந்தத் தாயின் முன் பணியாளர் அடைந்த கையறு நிலையை அறிவதற்கான தடயமாகிறது. ஆனால் இதனை அளவுக்கு மீறிப் பயன்படுத்தும் மேற்பார்வையாளர், தம் சொந்தக் குறையால் எழுந்த சினத்தையும் துணைநாடியின் கணக்கில் எழுதிவிடும் அபாயம் உண்டு.

சொல்வதும் மறைப்பதும்

மேற்பார்வை நெடுங்காலம் பயில்பவரின் நினைவையே நம்பியிருந்தது. சமூகப் பணிப் பயிற்சியில் உரையாடலை வரிக்கு வரி நினைவிலிருந்து எழுதும் வழக்கமும் அத்தகையதே. கார்ல் ரோஜர்ஸ் ஒஹாயோ அரசுப் பல்கலைக்கழகத்தில் அமர்வுகளை ஒலித்தட்டில் பதிவுசெய்து, அதன் பயனை 1942இல் கட்டுரையாக வெளியிட்டார். ஆலோசகர் தாம் சொன்னதாக நம்பியதும் உண்மையில் சொன்னதும் ஒன்றல்ல என்பதைப் பதிவுகள் காட்டிக்கொடுத்தன. பின்னர் குடும்பச் சிகிச்சையாளர்கள் ஒருவழிக் கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்து, அமர்வு நடக்கும்போதே தொலைபேசியில் குறுக்கிட்டு வழிகாட்டினர்.

கருவிகள் பெருகியும் மறைத்தல் நிற்கவில்லை. நிக்கோலஸ் லடானியும் உடனாய்வாளரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிநிலைச் சிகிச்சையாளரில் 100க்கு 97 பேர் மேற்பார்வையாளரிடம் ஏதேனும் ஒன்றை மறைத்ததாகத் தெரிவித்தனர்; மேற்பார்வையாளர் மீதே கொண்ட அதிருப்தி அவற்றுள் முதன்மையானது. மதிப்பெண் இடுபவரிடமே தவறை ஒப்புக்கொள்ளச் சொல்லும் ஏற்பாட்டில் இது வியப்பன்று.

கட்டாய மேற்பார்வையின் அளவு நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டிஷ் ஆலோசனை, உளச்சிகிச்சைக் கழகத்தின் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர் பணியில் இருக்கும்வரை மாதம் 1½ மணிநேர மேற்பார்வையேனும் பெற வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களிலோ சிகிச்சைசார் சமூகப் பணி உரிமத்திற்கு மேற்பார்வையின்கீழ் ஏறத்தாழ 3,000 மணிநேரப் பணி கேட்கப்படுகிறது. உரிமம் கிடைத்தபின் கட்டாயம் தளர்கிறது.

இந்தியாவில் இம்முறை கல்லூரிக் களப்பணியின் வழியாக நுழைந்தது. 1936இல் பம்பாயில் தொடங்கிய டாட்டா அறக்கட்டளையின் சமூகப் பணிப் பள்ளியையும் 1952இல் தோன்றிய சென்னை சமூகப் பணிப் பள்ளியையும் போன்ற நிறுவனங்களில் மாணவர் களப்பணி அறிக்கையை எழுதிக் கொடுத்து, ஆசிரியருடன் ‘இண்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ்’ எனப்படும் தனிச் சந்திப்பில் அதைப் பற்றி உரையாடுவது வழக்கம். சமூகப் பணிக்கெனத் தனி உரிமச் சட்டம் இல்லாததால், இச்சந்திப்பு பெரும்பாலும் பட்டம் பெறும் நாளோடு நின்றுபோகிறது. அதன் பிறகு தொண்டு நிறுவனப் பணியாளர் தம் துணைநாடியைப் பற்றிப் பேசக் கிடைப்பவர், பலவேளைகளில், மாத அறிக்கை கேட்கும் திட்ட மேலாளரே.