நந்தனாரும் கிந்தனாரும்

பீங்கான் தொழிலுக்குப் பேர் போன விருத்தாசலத்தில் இருந்து கிழக்கே போனால் சிதம்பரம். இரண்டு ஊரும் இன்று ஒரே கடலூர் மாவட்டம்தான். இந்தச் சிதம்பரத்தைப் பார்க்க "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று ஏங்கியவர் நந்தனார். அதனாலேயே அவருக்குத் திருநாளைப்போவார் என்று பெயர். இந்த பக்திக் கதையை வைத்து ஒருவர் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தார். அவர்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்!

முதலில் மூலக்கதை. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் நந்தனாரைப் பாடினார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதை "நந்தனார் சரித்திரக் கீர்த்தனை"யாக விரித்து எழுதினார். சேக்கிழாரிடம் இல்லாத ஒரு வேதியர் பண்ணையாரை இவர் சேர்த்தார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுத்தான் சிதம்பரம் போகவேண்டும் என்கிறார் அந்தப் பண்ணையார். கடைசியில் நந்தனார் தீயில் இறங்கி எழுந்து, கோயிலுக்குள் போய் மறைகிறார்.

பாகவதர்கள் இந்தக் கதையை ஊர் ஊராகக் காலட்சேபம் செய்தார்கள். கையில் சிப்ளாக்கட்டை, பக்கத்தில் மிருதங்கம், பின்பாட்டு, நடுநடுவே கதை, உபகதை என்று போகும் கலை அது. பிறகு சினிமாவும் வந்தது. 1935ல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1942ல் ஜெமினி எடுத்த நந்தனாரில் தண்டபாணி தேசிகர் நடித்தார். ஆக, கதையும் மெட்டும் காலட்சேப பாணியும் ஜனங்களுக்கு மனப்பாடம்.

இந்த மனப்பாடத்தைத்தான் கலைவாணர் பயன்படுத்திக் கொண்டார். 1949ல் வந்த "நல்லதம்பி" படத்தில் அவரே பாகவதராக உட்கார்ந்து "கிந்தனார்" காலட்சேபம் செய்தார். படத்துக்குக் கதை வசனம் அண்ணா. இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. இசை சி.ஆர்.சுப்பராமன். கிந்தனாரை எழுதியவர் உடுமலை நாராயண கவி.

கிந்தன் தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பையன். அவனுக்குக் கோயிலைப் பார்க்க ஆசை இல்லை, படிக்க ஆசை! நந்தனுக்குச் சிதம்பரம் என்றால் கிந்தனுக்குச் சென்னைப் பட்டணம். நந்தன் நடந்து போனார், கிந்தன் ரயில் ஏறுகிறான். ரயில் பெட்டியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் வண்டி ஓடும் அல்லவா? சாதி பார்க்காத அந்த ரயிலுக்கும் காலட்சேபத்தில் ஒரு பாட்டு உண்டு. கடைசியில் கிந்தன் நன்றாகப் படித்து, கல்வி அதிகாரியாகச் சொந்த ஊருக்கே திரும்பி வருகிறான்.

இதில் கலைவாணர் நந்தனாரைக் கேலி செய்தாரா? இல்லை. பாகவதரின் இழுப்பு, பின்பாட்டுக்காரரின் எடுப்பு எல்லாமே பார்ப்பவர்களைச் சிரிக்க வைக்கும். ஆனால் கிந்தனின் ஆசையைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. கேலி எல்லாம் அவனைத் தடுத்த ஊருக்குத்தான். உள்ளே போக நந்தனார் தீக்குளிக்க வேண்டி இருந்தது. கிந்தனுக்குப் படிப்பே போதும் என்றார் கலைவாணர்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947ல். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950ல். இந்த இரண்டுக்கும் நடுவில் வந்தவன் கிந்தன். கோயில் கதவு திறந்தாயிற்று, பள்ளிக்கூடக் கதவு எப்போது என்று கேட்டவன் அவன்.

இரண்டு கதைக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம் உண்டு. சிதம்பரம் போன நந்தனார் ஜோதியில் கலந்தார், ஊர் திரும்பவில்லை. அவர் விட்டுப் போன சேரி அப்படியே இருந்தது. பட்டணம் போன கிந்தனோ திரும்பி வந்தான், அதுவும் அதிகாரியாக! இன்றைக்குப் பழைய படம்தானே என்று கிந்தனாரைப் பார்க்க உட்காருபவர்களும் முதலில் சிரிப்பார்கள். அவன் ஊர் திரும்பும் கட்டத்தில் சிரிப்போடு கொஞ்சம் கண்ணீரும் வரும்.